நாலு இடம், நாலு விதப் பேரிடர்: தற்சார்பாக வாழ நிலம் எங்கே வாங்குவது?

சென்னையை விட்டுக் கிளம்ப நினைக்கும் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் இரண்டு வருடங்கள் தவறாமல் வந்துவிடும். 2015, 2019. முதலாவதில் வீட்டுக்குள் தண்ணீர். இரண்டாவதில் குழாயில் சொட்டு இல்லை, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் ஏற்றி வந்தார்கள். இடையில் வர்தா புயல் வேறு. கடைசியில் கேள்வி மட்டும் ஒன்றுதான்: "ரெண்டு ஏக்கர் வாங்கி, வீட்டுக்கு வேண்டியதை விளைய வச்சுக்கிட்டு, எது வந்தாலும் சமாளிக்கிற மாதிரி இருக்கணும். எந்த மாவட்டம் பாதுகாப்பு?"

இந்தக் கேள்விக்கு நேரடிப் பதில் கிடையாது. 2017 ஜனவரியில், அன்றைக்கு இருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். எந்தப் பேரிடர் வந்தால் உங்களால் மறுபடி எழுந்து நிற்க முடியும்? சில பேரிடர் ஒரு போகத்தை எடுத்துக்கொண்டு போகும். சில இருபது வருடத்து மரங்களை ஒரே ராத்திரியில் சாய்த்துவிடும். சில நிலத்தையே எடுத்துக்கொண்டு போய்விடும். இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கடிதங்களில் அடிக்கடி வரும் நாலு இடங்களை எடுத்துக்கொள்கிறேன். காவிரிக் கடைமடை (பாசனத்தின் கடைசிப் பகுதியான திருவாரூர், நாகப்பட்டினம்), தர்மபுரி–கிருஷ்ணகிரி, தென்காசி, நீலகிரி. நாலு பேர் உள்ள குடும்பம், இரண்டு ஏக்கர், அங்கேயே குடியிருப்பது என்று வைத்துக்கொள்வோம். வாரக்கடைசிப் பண்ணைவீடு என்றால் கணக்கே வேறு.

எதை வைத்து அளப்பது

*கரண்ட் இல்லாமல் தண்ணீர்.* புயலோ வெள்ளமோ, முதலில் போவது மின்சாரம். 600 அடி போர் இருந்து என்ன பயன், மோட்டார் ஓடாவிட்டால் அது வெறும் ஓட்டைதான். கப்பி கட்டி இறைக்கக்கூடிய திறந்த கிணறு அந்த ஊரில் சாத்தியமா என்பதுதான் என் முதல் கேள்வி. இரண்டாவது, அந்தக் குறுவட்டத்தின் (பிர்கா, அதாவது தாலுகாவுக்குள் சில கிராமங்கள் சேர்ந்த பிரிவு) நிலத்தடி நீர் நிலை. தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை மாவட்டவாரியாக மட்டும் எடுப்பதில்லை, பிர்காவாரியாக எடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஊறும் தண்ணீரில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது. 90ஐத் தாண்டினால் அபாயம். 100க்கு மேல் என்றால் மூலதனத்தையே தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே தாலுகாவில் ஒரு பிர்கா பச்சை, அடுத்தது சிவப்பு என்றிருக்கும்.

*சோறு.* நாலு பேருக்கு மாதம் 40 கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு 480 கிலோ. நெல்லாக 720 கிலோவுக்கு மேல் வேண்டும். தண்ணீர் உள்ள இடத்தில் அரை ஏக்கர் போதும். ஆகவே இரண்டு ஏக்கர் என்பது கம்மி இல்லை. அதில் என்ன விளையும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதுதான் விஷயம்.

*மீள எவ்வளவு காலம்.* நெல் போனால் அடுத்த போகம். நெட்டைத் தென்னை போனால், வைத்துக் காய்க்க ஆறேழு வருடம்.

*ஆஸ்பத்திரி, ரோடு, பத்திரம்.* இவை எல்லா ஊருக்கும் பொது என்பதால் கடைசியில் பார்க்கலாம்.

காவிரிக் கடைமடை: திருவாரூர், நாகப்பட்டினம்

சோறு ஒன்றை மட்டும் பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. நாகையில் ஆண்டு மழை சுமார் 1,300 மில்லிமீட்டர், மாநில சராசரியைவிடக் கணிசமாக அதிகம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை நெல், தள்ளிப்போனால் சம்பா நெல். நெல்லைப் பற்றி எதுவும் தெரியாதவர்கூட பக்கத்து வயல்காரரைப் பார்த்தே கற்றுக்கொண்டுவிடலாம். நடவுக்கு, அறுவடை மெஷினுக்கு, கொள்முதலுக்கு எல்லாம் ஏற்பாடு இருக்கிறது. 2020 சட்டப்படி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். பக்கத்தில் ஹைட்ரோகார்பன் கிணறு புதிதாக முளைக்குமோ என்ற கவலை ஓரளவு குறைவு.

ஆனால் நாகையில் கடல் பக்கத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது இந்த மாவட்டம்தான். சுனாமி அபூர்வம், புயல் அப்படியல்ல. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. வேதாரண்யத்தில் மா, முந்திரி, தென்னை எல்லாம் சாய்ந்தன. உள்ளே பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை ஆலங்குடி வரை தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் ஊரில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டி நிரப்பினார்கள். அடிபம்பு இருந்த தெருக்கள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய மறைமுகச் செலவு மண். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் மூன்றாவது வருடம் சுவரில் கோடு விழும். வீட்டு மனையை ரோட்டுமட்டத்துக்கு மேல் உயர்த்த மண் அடிக்க வேண்டும், அந்த மண்ணை வெளியில் இருந்துதான் வாங்க வேண்டும். கடலோரப் பட்டியில் நிலத்தடி நீர் உவர்ப்பு. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போரைவிட மழையை நம்பிய குளமே மேல். மழைக்காலத்தில் காய்கறி பயிரிட மேட்டுப்பாத்தி இல்லாமல் முடியாது.

வெள்ளத்தைத் தாங்கும் ரகம் இருக்கிறது. சி.ஆர். 1009 சப்-1 இரண்டு வாரம்வரை முழுகிக் கிடந்தாலும் எழுந்துவிடும். உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், களர்ப்பாலை. ஆகவே இங்கே நெல்லுக்கு வரும் நஷ்டம் ஒரு போகத்து நஷ்டம். மரத்தை நம்பி வருபவர்தான் யோசிக்க வேண்டும். இன்னொன்று, கடலோரக் கிராமங்களில் பல்நோக்குப் பேரிடர் மையக் கட்டடங்கள் இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் யார் எங்கே போக வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேரிடர் பழகிய ஊர் என்பது ஒரு சொத்து. அதை யாரும் விலையில் சேர்ப்பதில்லை.

இது யாருக்கு? அந்தப் பக்கம் சொந்தபந்தம் இருப்பவர்களுக்கு. இல்லாதவர்கள் கடற்கரையில் இருந்து நன்றாக உள்ளே தள்ளி, மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பக்கம் பார்க்கலாம். புயல் அங்கேயும் வரும், உப்பு வராது.

தர்மபுரி–கிருஷ்ணகிரி

"கடலே கிடையாது, புயல் பயம் இல்லை" என்று சொல்லித்தான் இங்கே நிலம் விற்பார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்ளே வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டிய மழையில் பாதிக்கு மேல் அது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வண்டிகள் ரோட்டில் உருண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். வறண்ட ஊரில் ஓடையை வீட்டுமனையாக்கி இருப்பார்கள். நாற்பது வருடம் தண்ணீர் வராத ஓடை என்பதால் யாருக்கும் அது ஓடை என்ற நினைப்பே இருக்காது. நிலம் பார்க்கும்போது நில அளவை வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று தேடுங்கள்.

ஆனாலும் இது அபூர்வம். இங்கே வழக்கமான பேரிடர் வறட்சிதான். அது சத்தம் போடாது, படிப்படியாகக் கழுத்தை நெரிக்கும். மழை சுமார் 850 மில்லிமீட்டர். காவிரி ஒகேனக்கலில் ஆர்ப்பாட்டமாக ஓடுகிறது, ஆனால் பள்ளத்தில் ஓடுகிறது. மேட்டு நிலத்துக்கு அதனால் பயனில்லை. போர் ஆயிரம் அடியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. மூன்று போட்டால் ஒன்று ஊறும், அதுவும் இரண்டு கோடைக்குப் பிறகு ஊறுமா என்பது ஜோசியம். போர் லாரிக்காரருக்கு மட்டும் எந்த வருடமும் வறட்சி கிடையாது.

தண்ணீரில் ஃபுளூரைடு வேறு. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இந்த இரண்டு மாவட்டங்களில் அதைத் தாண்டும் கிணறுகள் ஏராளம். பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பு. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். வாங்கும் முன் பரிசோதனைக்குக் கொடுக்கும் செலவு மிகக் குறைவு, அதைச் செய்யாமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் பட்டியலில் வைத்திருக்கிறேன்? மூன்று காரணம்.

மழைநீரில் ஃபுளூரைடு இல்லை. 1,000 சதுர அடிக் கூரையில் 850 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 79,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 63,000 தேறும். குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்றால் வருடத்துக்கு 9,000 லிட்டர் சொச்சம். ஒரு 10,000 லிட்டர் மூடிய தொட்டி குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது. கரண்டும் வேண்டாம், போரும் வேண்டாம். மழையை நம்பி இது நடக்குமா என்பவர்களுக்கு: மழை பாதியாகக் குறைந்த வருடத்திலும் தொட்டி நிரம்பும்.

அடுத்தது கேழ்வரகும் சாமையும். மானாவாரியில் வரும், செம்மண்ணில் வரும். அரிசியில் வண்டு விழும் நாட்களிலும் ராகி அசையாமல் கிடக்கும். காய்ந்த ராகியைப் பழைய வீடுகளில் குழியில், குதிரில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருந்து பஞ்சத்துக்கு எடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் களி சாப்பிடுவார்களா என்பதை இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். கேலியாகச் சொல்லவில்லை. கையிருப்பு தானியத்தை வீட்டில் யாரும் தொடவில்லை என்றால் அது கையிருப்பே அல்ல.

மூன்றாவது, மீளும் காலம். வறட்சி மெதுவாக வருவதால் முடிவெடுக்க அவகாசம் தரும். பண்ணைக்குட்டை வெட்டலாம், மாட்டைக் குறைக்கலாம், மாமரத்துக்கு மட்டும் குடத்தில் ஊற்றலாம். புயல் இந்த அவகாசத்தைத் தருவதில்லை.

மறைமுகச் செலவில் பெரியது யானை. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கக் காட்டோரங்களில் ராகி அறுவடை சமயத்தில் கர்நாடகப் பக்கமிருந்து கூட்டமாக இறங்கும். 2023இல் வந்த மின்வேலி விதிகளுக்குப் பிறகு, காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் சோலார் வேலி போட வனத்துறையின் அனுமதி வேண்டும். காட்டில் இருந்து தள்ளி வாங்கினால் பன்றியும் மயிலும்தான் மிச்சம். அதற்கும் வேலி வேண்டும், ஆனால் ராத்திரி தூங்கலாம்.

தென்காசி

என் ஓட்டு எங்கே என்று கேட்டால் இங்கேதான். ஆனால் பாதி மாவட்டத்துக்கு மட்டும்.

2019 நவம்பரில் திருநெல்வேலியில் இருந்து பிரிந்த இந்த மாவட்டம் உண்மையில் இரண்டு ஊர். மேற்கே செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், கடையம். செங்கோட்டைக் கணவாய் வழியே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், பிறகு வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. கிழக்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் சங்கரன்கோவில், குருவிகுளம். கரிசல், காற்று, வறட்சி. "தென்காசி மாவட்டத்தில் குற்றாலம் பக்கத்தில்" என்று விளம்பரம் வந்தால் எந்தத் தாலுகா என்று முதலில் கேளுங்கள்.

மேற்குப் பட்டியின் பலம் மலை மட்டுமல்ல, மலைக்குக் கீழே சங்கிலியாகக் கட்டிய குளங்கள். ராமநதி, கடனாநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று சின்னச் சின்ன அணைகள். அவற்றுக்குக் கீழே ஒன்றின் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர்) அடுத்ததற்கு வரத்தாகும் குளங்கள். குளம் நிரம்பினால் கீழே உள்ள கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் மட்டத்துக்கு வந்துவிடும். ஒரு மார்ச் மாதம் கடையநல்லூர் பக்கம் நான் பார்த்த கிணற்றில் வாளிக்கயிறு இருபது முழம்கூட இல்லை. இதே மார்ச்சில் தர்மபுரியில் அந்தக் கயிற்றுக்கு வேலையே இல்லை. கரண்ட் இல்லாமல் தண்ணீர் என்று முதலில் சொன்னேனே, அந்த அளவுகோலில் மற்ற மூன்றும் இதற்குப் பின்னால்தான்.

விளைச்சலும் பல வகை. நெல், வாழை, தென்னை, மேட்டில் எலுமிச்சை (புளியங்குடி அதற்குப் பேர் போனது), உளுந்து, சின்ன வெங்காயம். ஒன்று போனால் இன்னொன்று நிற்கும்.

பேரிடர் என்று பார்த்தால் திடீர் வெள்ளமும் காற்றும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிர் போனது. கோடையில், ஊரில் வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்யும். ஓடைக்கரையில் வீடு வேண்டாம். குளத்தடியில் வயல் இருக்கட்டும், வீடு மேட்டில் இருக்கட்டும், இரண்டையும் ஒரே இடத்தில் தேடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கியது ஞாபகம் இருக்கும். அந்த வாரம் தென்காசியிலும் மழைதான், ஆனால் தாமிரபரணி கொண்டுபோன தண்ணீரெல்லாம் சேர்ந்தது கீழே தூத்துக்குடியில். சரிவில் மேலே இருப்பதன் லாபம் அது.

இந்தப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா வைக்கவில்லை. ஆடிக்காற்றில் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் காலையில் தரையில் கிடக்கும். ஓட்டுக்கூரை போடுபவர்கள் தென்மேற்கே முகம் காட்டாமல் போடுங்கள். மறைமுகமாக இன்னும் இரண்டு. மலையடிவாரத்தில் வடகரை, மேக்கரை பக்கம் யானை வரும். கிழக்கே தள்ளினால் கல்குவாரி. வெடியும் தூசியும் மட்டுமல்ல, கேரளாவுக்குப் போகும் லாரி ராத்திரி பகல் பார்க்காது. நிலத்தைப் பகலில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது தெரியவராது.

பெரிய குறை தூரம். சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயில். வயதான பெற்றோர் சென்னையிலேயே இருக்கிறார்கள் என்றால் இந்தக் கிணறும் குளமும் அதற்கு ஈடாகாது.

நீலகிரி

குளிர் பிடிக்கும் என்பதற்காக மட்டும் கேட்பவர்கள் அதிகம். தற்சார்புக்கு நான் சொல்ல மாட்டேன். கூடலூர் பக்கம் தவிர நெல் இல்லை. கேரட், உருளை, முட்டைக்கோஸ் விற்கலாம், அரிசி மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறி வர வேண்டும். ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் வராது. 2009 நவம்பர் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. சரிவில் வயலோடு மண்ணும் போனால் மறுபடி விதைக்க இடம் ஏது?

பத்திரமும் சிக்கல். கட்டடத்துக்கு மலையிடப் பாதுகாப்பு விதிகள், தனியார் காடு சட்டம், கூடலூரில் 1969 சட்டத்துக்குப் பிறகும் தீராத ஜென்ம நிலப் (பழைய பரம்பரை நிலவுடைமை) பிரச்சினை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே தலை சுற்றும் விஷயம்.

ஒரு பார்வையில்

| | கடைமடை | தர்மபுரி–கிருஷ்ணகிரி | தென்காசி (மேற்கு) | நீலகிரி |
|---|---|---|---|---|
| கரண்ட் இல்லாமல் தண்ணீர் | உள்ளே தள்ளினால் உண்டு, கடலோரம் உவர்ப்பு | கூரை மழைநீர் மட்டும் | திறந்த கிணறு, குளம் | ஊற்று, ஓடை |
| சோறு | நெல் தாராளம் | ராகி, சாமை | நெல், பயறு, வாழை | வாங்க வேண்டும் |
| வழக்கமான பேரிடர் | புயல், வெள்ளம் | வறட்சி | காற்று, திடீர் வெள்ளம் | நிலச்சரிவு |
| மீள ஆகும் காலம் | நெல் ஒரு போகம், மரம் பல வருடம் | ஒன்றிரண்டு மழைக்காலம் | பெரும்பாலும் ஒரு போகம் | சரிந்த இடம் மீளாது |
| மறைமுகச் செலவு | மனை உயர்த்துதல், அஸ்திவாரம் | தோற்ற போர்கள், வேலி | வேலி, முட்டு, பயணம் | அனுமதிகள், தடுப்புச்சுவர் |

எங்கே வாங்கினாலும்

பதிவுச் செலவு, அரசின் வழிகாட்டி மதிப்பு, பத்திர விலை இரண்டில் எது கூடுதலோ அதில் 9 சதவீதம். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கு, பட்டா, அ-பதிவேடு, அடங்கல் (இவை இரண்டும் கிராமத்து நில, பயிர்க் கணக்குகள்) எல்லாம் வாங்கிப் பாருங்கள். பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலம்) என்றால் அவர்கள் அல்லாதவர் வாங்கியது செல்லாது, விலை குறைவாக இருக்கிறதே என்று விழுந்துவிடாதீர்கள். விவசாய மின் இணைப்புக்குச் சாதாரண வரிசையில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தட்கல் முறையில் மோட்டாரின் குதிரைத்திறனைப் பொறுத்து 2.5 முதல் 4 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இணைப்போடு விற்கும் நிலம் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல் சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் தென்காசியைத் தவிர மற்ற மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இப்போது இல்லை. தர்மபுரி, திருவாரூரில் முன்பே அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. கிருஷ்ணகிரி, நாகை, நீலகிரிக்கு 2022 ஜனவரியில் வந்தது. தென்காசிக்காரர்கள் மட்டும் பெரிய வைத்தியத்துக்கு திருநெல்வேலிவரை போக வேண்டும். பாம்புக்கடி மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். கிராமத்தில் மருத்துவக் கல்லூரி எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட அது முக்கியம்.

பெங்களூரில் வேலை, பட்ஜெட் குறைவு, களி பிடிக்கும் என்றால் தர்மபுரி. மாமனார் வீடு மன்னார்குடி என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே பாருங்கள். இரண்டும் இல்லை, தூரமும் தடையில்லை என்றால் தென்காசி மேற்கு. முடிவெடுத்த பிறகும் உடனே அட்வான்ஸ் வேண்டாம். மே மாதக் கடைசியில் ஒருமுறை போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் ஒரு நாளில் மறுபடி போங்கள். புரோக்கரை டீக்கடையிலேயே உட்கார வைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் வயதான யாராவது இருந்தால் "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். எந்த வருடம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவரே வருடத்தையும் சொல்வார், சுவரில் உயரத்தையும் தொட்டுக் காட்டுவார்.